முதலில் வெளிச்சம், பிறகு தூரம்

கேமராவுக்குப் பணம் சேர்க்கும் காலத்தில் கேமராதான் பெரிய செலவு என்று நினைத்திருப்போம். பெட்டியைப் பிரித்துப் படம் எடுக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே லென்ஸ் என்ற கேள்வி வந்துவிடும். அதன்பிறகு அது போகவே போகாது. 2012இல் கேனன் 1100டி வாங்கியதிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே அலைந்திருக்கிறேன். கையில் காசு குறைவாக இருந்தபோது எதை முதலில் வாங்கினேன், எதைத் தள்ளிவைத்தேன், ஏன் அப்படி என்பதை எழுதி வைத்தால், இன்று அதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு திருச்சுழிப் பக்கம், குண்டாற்றுக்கு அருகில். கேமராவுக்கான பணம் சீட்டு எடுத்துச் சேர்த்தது. மதுரைக்குப் போகும்போது, அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். பிலிம் காலத்திலிருந்து கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர் அவர். கடைக்காரர் கேமராவோடு வரும் 18-55 எம்எம் லென்ஸை மாட்டிக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே 75-300 எம்எம் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டையும் சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்றார். நீளமான லென்ஸ் மேஜையில் நிற்பதைப் பார்த்தாலே ஆசை வரத்தான் செய்கிறது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல ஐஎஸ் இல்ல, தம்பி. கை ஆடுனா படமும் ஆடும். அதுகூடப் பரவால்ல. இப்ப எதுக்கு ஒனக்கு ரெண்டாவது? இருக்கிற லென்சுல எது பத்தலன்னு மொதல்ல தெரியட்டும். தெரிஞ்ச பெறகு வாங்கு.”

ஒரே லென்ஸோடு ஊர் திரும்பினோம். அந்த ஒரு சொல் எனக்கு மிச்சப்படுத்திய பணம் கொஞ்சமில்லை.

கேமராவோடு வரும் 18-55ஐப் பலரும் மட்டமாகப் பேசுவார்கள். பிளாஸ்டிக் உடம்பு, 200 கிராம் எடை, 18இல் எஃப் 3.5, 55க்கு இழுத்தால் எஃப் 5.6. எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சிறுத்து உள்ளே வரும் வெளிச்சம் குறையும். காகிதத்தில் பார்த்தால் ஏழை லென்ஸ்தான். ஆனால் எங்கள் பக்கத்து வெட்டவெளியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால், எஃப் 16க்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ விநாடியில் நூறில் ஒரு பங்கு. இது பிலிம் காலத்திலிருந்தே படக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி எஃப் 8க்கு நானூறில் ஒரு பங்கு கிடைக்கும். எஃப் 8இல் இந்தச் சின்ன லென்ஸ் நன்றாகக் கூர்மையாக விழும். அந்த அளவுக்கு மூடிய பிறகு, ஐந்து மடங்கு விலையுள்ள லென்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரண பிரிண்டில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பந்தல்குடிப் பக்கம் கரிசலில் பூத்து நிற்கும் மல்லிக் காடு, பருத்தி எடுக்கும் பெண்கள், களத்தில் காயும் குண்டு மிளகாய், நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் பூசிப் போடும் கரிமூட்டம், அதைச் சுற்றி விடியலில் தரையோடு படரும் புகை. இவை எல்லாவற்றையும் 18-55இலேயே எடுத்தேன். கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது லென்ஸை விட மண்ணைப் பற்றி. கேமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்கிடும். சட்டம் முழுக்கக் கரிசல் மண் நிறைந்தால், இருட்டாக இருக்கிறதென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் வெளிறிப்போகும், ஏர் பின்னால் நடப்பவரின் வேட்டி வெறும் வெள்ளையாக எரிந்துவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் கீழே இறக்கி வைத்தால் மண் கறுப்பாகவும் வேட்டி மடிப்போடும் வரும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

அடுத்த லென்ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் அண்ணாச்சி ஒரு வழி காட்டினார். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எந்த எம்எம்மில், எந்தத் துவாரத்தில், எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிந்திருக்கும். எனக்குப் பிடித்த படங்களை மட்டும் தனியே பிரித்து அந்த விவரங்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்தபோது படங்கள் இரண்டு முனைகளில் குவிந்திருந்தன. ஒரு குவியல் 18இல், மற்றது 55இல். நடுவே அதிகம் இல்லை. 18இல் எடுத்தவை நிலமும் வேலையும். 55இல் எடுத்தவை முகங்களும் கைகளும். அதைவிட முக்கியமான ஒன்றையும் அந்த விவரம் சொன்னது. நான் ஆசைப்பட்டு எடுத்தும் தேறாமல் போன படங்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளோ இரவிலோ எடுத்தவை.

அவற்றில் ஒரு தொகுதி திருச்சுழியில் மார்கழித் திருவாதிரை அன்று எடுத்தது. திருச்சுழிக்கு அந்த இரவு தனி இரவு. ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30ஆம் தேதி, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு. அது ஆருத்ரா தரிசன இரவு. நடராசர் வீதியுலா முடிந்து திருமேனிநாதர் கோயிலுக்குத் திரும்பும் நேரம் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். அவர் பிறந்த வீடு இன்று சுந்தர மந்திரம் என்ற பெயரில் ரமணாசிரமத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அந்த நாளின் கூட்டத்தையும் சாமி வருவதையும் படமாக்க வேண்டும் என்பது கேமரா வாங்குவதற்கு முன்பிருந்தே என் ஆசை.

டியூப்லைட் வெளிச்சம்தான். 18-55ஐ 55க்கு இழுத்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் பதினைந்தில் ஒரு பங்குதான் வந்தது. லென்ஸில் இருந்த ஐஎஸ் என் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொண்டது. அதனால் கோயில் மதில் தெளிவாக விழுந்தது. ஆனால் எதிரே அசைபவர்களை எந்த ஐஎஸ்ஸும் நிறுத்தாது. சாமியைத் தூக்கி வருபவர்களின் முகங்கள் இழுபட்டு மங்கின. கும்பிட்ட கைகள் கோடுகளாயின. ஃபிளாஷைத் தட்டினால் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்கும், பின்னால் இருப்பதெல்லாம் இருண்டுவிடும். அந்த இரவில் இருந்த வெளிச்சத்தின் அழகே போய்விடும்.

படங்களை அண்ணாச்சியிடம் காட்டினேன். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒனக்குப் பத்தாதது தூரம் இல்ல தம்பி, வெளிச்சம். அம்பது எம்எம் வாங்கு.”

கேனனின் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1990இல் வந்தது. எடை 130 கிராம். கேமராவோடு பொருந்தும் வளையம்கூடப் பிளாஸ்டிக். ஃபோகஸ் செய்யும்போது சத்தம் போடும். ஏழாயிரம் சொச்சத்துக்கு வாங்கினேன். அதற்குள் இருந்த கண்ணாடிக்கு அந்த விலை மிகக் குறைவு என்று இன்றும் சொல்வேன். எஃப் 5.6இலிருந்து எஃப் 2க்குத் திறந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அடுத்த திருவாதிரைக்கு அதே தெருவில், அதே டியூப்லைட்டில், அதே ஐஎஸ்ஓவில் நின்றேன். பதினைந்தில் ஒரு பங்காக இருந்த வேகம் நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கானது. சாமி தூக்கியவர்களின் நெற்றி வேர்வையும், தோளில் மடித்துப் போட்ட துண்டின் நெசவும் படத்தில் தெரிந்தன. கேமராவை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றிக் கிடைத்தது இது.

இதே லென்ஸைப் பார்த்து ஆசைப்பட்ட ஆலை நண்பன் ஒருவனிடம் நிக்கான் டி3100 இருந்தது. நிக்கானிலும் 50 எம்எம் எஃப் 1.8 உண்டு. ஆனால் அதில் இரண்டு வகை. பெயரின் கடைசியில் ‘டி’ என்று முடியும் பழைய வகை விலை மலிவு. அதற்குள் மோட்டார் கிடையாது, கேமராவின் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3100 போன்ற தொடக்கநிலை நிக்கான் உடல்களில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் பொருந்தும், படம் விழும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கும் வகையில் மோட்டார் உள்ளேயே இருக்கும். அண்ணாச்சி தன்னிடம் இருந்த பழைய டி லென்ஸை அவன் கேமராவில் மாட்டிக் காட்டியே இதை விளக்கினார். நண்பன் ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப் 1.8 வாங்கினான். லென்ஸ் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது, பணத்தைக் காப்பாற்றும் முதல் பாடம்.

50 எம்எம்மோடு நான் அதிகம் போனது அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களுக்கு. விசைத்தறிச் சத்தம் மிகுந்துவிட்ட ஊரில், குழித்தறியை விடாமல் நெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை வீட்டுக்குள் விட்டார். ஓட்டு வீடு. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. காலை ஒன்பது மணிக்குமேல் அந்த ஓட்டின் வழியே ஒரு பட்டை வெளிச்சம் நேராகப் பாவின்மேல் விழும். மற்றபடி அறை முழுக்க நிழல். “லைட்டு போடட்டுமா தம்பி?” என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். “வேண்டாம் தாத்தா, நீங்க நெய்ங்க” என்றேன்.

நெய்து கொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தது. அவர் நாடாவை நிறுத்தினார். குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்ததை இரண்டு விரலால் பிரித்து எடுத்தார். விரல்நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, புது நூலின் முனையைச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினார். முடிச்சு இருந்த இடம் தெரியவில்லை. விழுதிலும் அச்சிலும் நூலை இழுத்து விட்டுவிட்டு மறுபடி மிதிபலகையில் காலை வைத்தார். நான் முழங்காலிட்டு, அவர் விரலிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தேன். எஃப் 1.8இல் அந்தத் தூரத்துக்குத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். விரல்நுனி தெளிந்தால் மணிக்கட்டு மங்கும். எஃப் 2.8க்கு மூடினேன். விரலும் இழையும் தெளிந்தன, பின்னால் இருந்த பாவு முழுவதும் மஞ்சள் வெளிச்சமாகக் கரைந்தது. 18-55இல் அந்த இருட்டில் இந்தப் படத்துக்கு வழியே இல்லை.

ஆனால் அதே அறையில் 50 எம்எம்மின் எல்லையும் தெரிந்தது. தறியும் பெரியவரும் குழியும் கண்ணாடி ஓட்டு வெளிச்சமும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமென்று தோன்றியது. பின்னால் போகப் போகச் சுவர் வந்துவிட்டது. முதுகைச் சுவரில் ஒட்டி எட்டடி தூரத்தில் நின்றாலும், 1100டியின் 22 மில்லிமீட்டர் அகலச் சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் மூன்றரை அடி அகலத்தைத்தான் காட்டும். தறி அதில் அடங்காது.

அண்ணாச்சி பிலிம் காலத்தில் 50 எம்எம் ஒன்றை மட்டும் வைத்துக் கல்யாணமே எடுத்தவர். அன்றைக்கு எஸ்எல்ஆர் கேமரா வாங்கினால் பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ்தான் கூட வரும். “அந்த அம்பது வேற, இந்த அம்பது வேற” என்பார். 35 எம்எம் பிலிமில் விழும் படச்சட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் 50 எம்எம் காட்டுவது இயல்பான பார்வை. கேனனின் சிறிய சென்சாரில் அது 80 எம்எம் லென்ஸ்போல நெருக்கிக் காட்டும். புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியும் லைக்கா கேமராவில் 50 எம்எம் லென்ஸ் ஒன்றையே நம்பியவர். திருச்சுழியில் பிறந்த ரமணரைத் திருவண்ணாமலையில் கடைசியாகப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தபோது அவர் அந்த ஊரிலேயே இருந்தார். அவர் பெயரைச் சொல்லி 50 எம்எம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய பார்வையின் அகலம் சின்னச் சென்சார் கேமராவில் வேண்டுமானால், 30 எம்எம்மை ஒட்டிய லென்ஸ்தான் அதைத் தரும். நிக்கான்காரர்களுக்கு 35 எம்எம் அதற்குப் பக்கத்தில் வரும். என் ஆலை நண்பன் வாங்கியது அதுதான்.

கேனனில் அதைவிடவும் சற்று அகலமாகக் காட்டும் மலிவான லென்ஸ் ஒன்று 2014இல் வந்தது. 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம். தடிமன் 22.8 மில்லிமீட்டர், எடை 125 கிராம். அப்போது விலை பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. போனஸ் பணத்தில் வாங்கினேன். அதே சுவரில் முதுகை ஒட்டி நின்றபோது ஏழடிக்குமேல் அகலம் கிடைத்தது. தறி முழுவதும், குழியில் இறங்கிய கால்களும், மேலே ஓட்டிலிருந்து இறங்கும் வெளிச்சமும் ஒரே சட்டத்தில் அமைந்தன. 50 அளவுக்கு வெளிச்சம் வாங்காது என்றாலும், 18-55ஐ அதே 24இல் வைப்பதைவிடக் கூடுதலாக வாங்கும். பதினாறு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். வீட்டுக்குள் படமெடுக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய லென்ஸ் கேனனில் எனக்குத் தெரிந்து இல்லை.

தூரத்துக்கான லென்ஸை இடையிலேயே, 50க்குப் பிறகு வாங்கியிருந்தேன். 55-250 எம்எம் ஐஎஸ், பழையது, எட்டாயிரத்துக்குக் கிடைத்தது. ஐஎஸ் இருக்கிறது என்பதற்காகவே 75-300ஐ விட்டு இதைத் தேர்ந்தேன். இன்னொரு லாபம், 18-55க்கும் இதற்கும் முன்பக்க அளவு 58 மில்லிமீட்டர். ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் போதும்.

கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகியதும் பறவைகள் வரும். முதலில் கரையில் நின்று நடுத்தண்ணீரில் நிற்கும் நாரைகளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னும் பெரிய லென்ஸ் வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 எம்எம்மில் முப்பது மீட்டர் தூரத்தில் படத்தின் அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல். ஒரு சாணுக்குச் சற்றுக் கீழான பஞ்சுருட்டான் அதில் புள்ளியாகத்தான் தெரியும். 500 எம்எம் லென்ஸ் வாங்கினால் பறவை இரண்டு மடங்கு பெரிதாகும். செலவோ என் ஒரு வருடச் சம்பளத்தைத் தொடும். அதற்குப் பதில் ஐந்து மீட்டருக்கு நெருங்க முடிந்தால் அகலம் 44 சென்டிமீட்டர், பறவை ஆறு மடங்கு பெரிது.

நெருங்குவதற்குப் பறவையின் பழக்கம் தெரிய வேண்டும். பச்சைப் பஞ்சுருட்டான் பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் கிளம்பிய கிளைக்கே திரும்பி வரும். கண்மாய்க் கரையில் பட்டுப்போன கருவேலக் குச்சி ஒன்றை அது பிடித்து வைத்திருந்தது. வெயில் ஏறும் முன்பே போய் அதற்கு ஐந்தாறு மீட்டரில் கரைச் சரிவில் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் விலகிப் போனது. பிறகு வந்தது. தேனீயைப் பிடித்து வந்து குச்சியில் இரண்டு பக்கமும் அடித்தது. அடிவயிற்றைக் குச்சியில் வைத்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கியது. ஒரு முறை மேலே வீசி, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கியது. அடிக்கும்போது தேனீயின் இறக்கை ஒன்று பிய்ந்து காற்றில் நிற்பதைக்கூட அந்த எட்டாயிரம் ரூபாய் லென்ஸ் எடுத்துக் கொடுத்தது. காலை வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் வெளிச்சத்தில் எஃப் 5.6 அங்கே போதும்.

முதுகுளத்தூர் அருகே சித்திரங்குடியில் 1989இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் உண்டு. திருச்சுழியிலிருந்து கமுதி வழியாகப் போகலாம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் வருடங்களில் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். அங்கே நெருங்கக் கூடாது. கூட்டிலிருந்து தாயை எழுப்பிவிடும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாதது. அங்கே 250 எம்எம்மில் மரம், கூடு, பறவை, வானம் எல்லாம் சேர்ந்த பெரிய காட்சியாக எடுத்தேன். அதுவும் நல்ல படம்தான். பறவை சட்டத்தை நிறைத்தால்தான் படம் என்பதில்லை.

வறண்ட நிலத்தில் நீண்ட லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் கானலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்குமேல் கரிசல் சூடேறி, அதன் மேலுள்ள காற்று அலையடிக்கும். தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டும் லென்ஸ் அந்த அலையையும் சேர்த்து இழுக்கும். பனைமரம் நெளியும், மயிலின் கழுத்து கலங்கும். லட்சம் ரூபாய் லென்ஸுக்கும் அதுதான் கதி. இங்கே தூரப் படத்துக்கு விடியலும் அந்தியும் மட்டுமே நேரம். புழுதியும் அப்படித்தான். ஆடிக் காற்றில் வெட்டவெளியில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி ஏறி, வானம் முழுக்கப் புள்ளி விழும். கேமராவை ஆஃப் செய்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, பைக்குள்ளேயே மாற்றுவேன். காற்று மிகுந்த நாளில் அன்றைக்கு எந்த லென்ஸ் என்று வீட்டிலேயே முடிவுசெய்து அதோடு மட்டும் கிளம்பிவிடுவேன். மழைக்காலத்தில் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸ்களை வைக்கிறேன். அரிசிக்குள் புதைத்து வைப்பது கூடாது, அதன் தூள் உள்ளே போகும்.

மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் எம். பழனி குமாருக்கு, மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த அவருடைய அம்மா கடன் வாங்கி முதல் கேமரா வாங்கிக் கொடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்களையும் கடற்கரைப் பெண்களையும் படமெடுத்த அவருக்கு 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படுவது, எடுத்தவர் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பதுதான். கடன் வாங்கிய காசில் கேமரா வரும் வீடுகளில் ஒவ்வொரு லென்ஸும் வீட்டுச் செலவிலிருந்து பிடித்த பணம். அதனால்தான் இந்த வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்று பலரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர் உடல்களும் லென்ஸ்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சின்னப் பணத்தில் தொடங்குபவருக்கு இது நல்ல காலம். பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ஃபோகஸ் தடைபடாமல் போய் வருகிறதா, மாட்டும் இடம் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மேலே உள்ள சிறு தூசிக்கும் கீறலுக்கும் பயப்பட வேண்டாம். பிறகு நீங்களும் கேனனின் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால், அடாப்டர் ஒன்று போட்டு இதே லென்ஸ்களைப் பயன்படுத்தலாம்.

வரிசை இதுதான். கேமராவோடு வரும் லென்ஸில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் படம் எடுங்கள். பிடித்த படங்களின் விவரத்தையும் தேறாத படங்களின் விவரத்தையும் எடுத்துப் பாருங்கள். அடுத்த பணத்தில் வெளிச்சம் வாங்குங்கள். முகம்தான் உங்கள் விருப்பம் என்றால் 50, வீட்டுக்குள் வேலை செய்யும் மனிதர்கள் என்றால் 24 அல்லது 35. தூரத்துக்கான லென்ஸ் கடைசி, அதுவும் ஐஎஸ் உள்ளதாக.

லென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைப் பிரிண்டுக்கு எடுத்து வையுங்கள். 1100டியின் 12 மெகாபிக்ஸல் படம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம் வரை நன்றாக வரும். ஆல்பத்தில் வைக்கும் சிறிய மேக்ஸி சைஸுக்கு இரண்டு மெகாபிக்ஸலே போதும். நெசவாளர் பெரியவருக்கு அவர் கைகளின் படத்தை அண்ணாச்சி ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். தறிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறார். யாரைப் படம் எடுத்தீர்களோ அவர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அடுத்த லென்ஸைப் பற்றி யோசியுங்கள்.